காலை எந்த இடத்துல வெட்டி எடுக்கணும்னு எப்படி முடிவு பண்றாங்க?
ரத்தக்குழாய் அடைச்சுக் கெட்டுப்போன காலை எடுத்தே ஆகணும்னு முடிவான பிறகும் ஒரு பெரிய கேள்வி பாக்கி இருக்கு, எந்த இடத்துல? ரொம்ப கீழ எடுத்தா அங்க ரத்தம் பத்தாம தையல் போட்ட இடம் ஆறாது, கறுத்துப்போய் இன்னொரு ஆபரேஷன்ல இன்னும் மேல வெட்ட வேண்டி வரும். எதுக்கு வம்புன்னு தொடையிலயே எடுத்துட்டா புண் சீக்கிரம் ஆறிடும், ஆனா முட்டி போயிடும். முட்டி இல்லாம செயற்கைக் கால் போட்டு நடக்க ரொம்ப அதிக சக்தி வேணும், வயசானவங்க நிறைய பேர் அதனாலயே நடக்கிறதை விட்டுடறாங்க. அதனால முட்டியைக் காப்பாத்த முடியுமான்னு பாக்காம மேல எடுக்கிறது எனக்கு மனசே ஒப்பாத விஷயம்.

பல்ஸ் தொட்டுப் பாக்கிறது மட்டும் போதாது. முட்டிக்குப் பின்னாடி பல்ஸ் கிடைக்கலைன்னாலும் சின்னச் சின்ன கிளைக் குழாய் வழியா ரத்தம் கீழ போயிட்டு இருக்கலாம். கணுக்கால்ல பட்டை கட்டி டாப்ளர்ல (ஒலி அலை வச்சு ரத்த ஓட்டத்தைப் பாக்கிற கருவி) பிரஷர் பாப்பாங்க, ஆனா ரொம்ப நாளா ஷுகர் இருக்கிறவங்களுக்கு ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சு குழாய் கெட்டியாகி பட்டை அமுக்கினாலும் அமுங்காது, ஓட்டம் கம்மியா இருந்தும் நம்பர் மட்டும் அதிகமா காட்டும். கால் விரல் குழாய்ல இந்தத் தொல்லை கம்மி, அதான் விரல் பிரஷரையும் பாக்கிறாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தோல் வழியா ஆக்சிஜன் அளக்கிற டெஸ்ட். ஊசி கிடையாது. சின்ன சென்சாரை தோல்ல ஒட்டி சுமார் 44 டிகிரிக்கு சூடாக்குவாங்க, அந்தச் சூட்டுல அடியில இருக்கிற நுண்குழாய் எல்லாம் விரிஞ்சு, தோல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டது போக மிச்ச ஆக்சிஜன் வெளிய கசியும், சென்சார் அதைத்தான் அளக்குது. பாதம், முட்டிக்குக் கீழ, தொடைன்னு பல இடத்துல வச்சு, ஒப்பிட நெஞ்சுலயும் ஒண்ணு வைப்பாங்க. 40 மி.மீ. மெர்குரிக்கு மேல இருந்தா அந்த இடம் ஆற நல்ல வாய்ப்பு, 20க்குக் கீழன்னா கஷ்டம். நடுவுல வந்தாத்தான் குழப்பம், அப்ப காலைத் தூக்கி வச்சோ மாஸ்க்ல ஆக்சிஜன் கொடுத்தோ நம்பர் எவ்வளவு மாறுதுன்னு பாப்பாங்க.

வீக்கமோ இன்ஃபெக்ஷனோ இருந்தா அளவு பொய்யா குறைஞ்சு காட்டும், அதனால ஒரே ஒரு நம்பரை வச்சு முட்டியை எடுத்துடக் கூடாது. அடைப்பை பலூன் வச்சோ பைபாஸ் பண்ணியோ திறக்க முடிஞ்சா, சில நாள் விட்டுத் திரும்ப அளப்பாங்க, தொடையில எடுக்கணும்னு இருந்தது சிலருக்கு முட்டிக்குக் கீழயே போதும்னு ஆகும்.