பழைய பூச்சைக் கொத்துவதற்கு முன்

பிரான்சின் நடுப்பகுதியில், பெர்ரி வட்டாரத்தில் நோஆன்-விக் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தில் வெளியே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே போனால் 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். யூதாஸ் முத்தமிடும் காட்சியில் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

1849 வரை இவை யார் கண்ணிலும் படவில்லை. வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இவற்றைக் கண்டுபிடித்தவர் பங்குத்தந்தை பெரிகோ. பக்கத்து நோஆனில் வாழ்ந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட், நினைவுச்சின்னங்களின் தலைமை ஆய்வாளர் மெரிமேயிடம் எடுத்துச் சொன்னார். மறு ஆண்டே தேவாலயம் அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. ஓவியத்தை மறைத்த சுண்ணாம்புதான் புகையும் கீறலும் அண்டாமல் அதைக் காப்பாற்றியும் வைத்திருந்தது.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். கிராம மேயர்கள் தவறாமல் கேட்பது: "பூச்சை உரித்துக் கல் தெரியும்படி விடலாமா? அழகாக இருக்குமே!" ஒழுங்கற்ற கற்களை அடுக்கிக் கட்டிய சுவர், பூசுவதற்கென்றே கட்டப்பட்டது. மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும் உள்ள செதுக்கிய கற்களை மட்டுமே பொதுவாக வெளியே தெரிய விட்டார்கள். கல்லைக் காட்டும் மோகம் பிற்காலத்தது. அதற்காக எத்தனை ஓவியங்கள் குப்பைக்குப் போயினவோ!

சிமென்ட் இன்னொரு வினை. அடிச்சுவரில் இடுப்புயரத்துக்குச் சிமென்ட் பூசினால், மண்ணிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியின்றி அதற்கு மேலே ஏறுகிறது. அங்கே உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. விரலால் தட்டினால் 'டொக்கு' என்று வெற்றிடம் ஒலிக்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தைத் தடுக்காது, காற்றில் உலர விடும். ஓதத்துக்கு முதல் மருந்து, அடைத்துக்கிடக்கும் கூரை நீர்க்குழாயைச் சுத்தம் செய்வது. செலவும் குறைவு.

அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், அதற்கு முன் கட்டிய கிராமத் தேவாலயங்களில் பெரும்பாலானவை ஊராட்சியின் சொத்து. பாதுகாக்கப்பட்ட சின்னமானால் அனுமதியின்றி உளி வைக்க முடியாது. பட்டியலில் இல்லாத தேவாலயங்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அங்கே முடிவெடுப்பது சின்ன நிதியும் பெரிய ஆர்வமும் கொண்ட ஊராட்சி மன்றம்.

அவர்களுக்குச் சொல்வது இதுதான். சுவரோவியப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரை அழைத்து, சில இடங்களில் உள்ளங்கையளவுக்குச் சிறு கத்தியால் ஒவ்வொரு அடுக்காக நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரரின் மதிப்பீட்டில் 'பழைய பூச்சு நீக்கம்' என்ற வரி இருந்தால், அந்தச் சோதனை முடியும்வரை கையெழுத்திட வேண்டாம்.