அந்த பிடிஎஃப்பில் எடிட்டர் பெயர் எங்கே?

பியானோ கிரேடு தேர்வு நெருங்கும் மாதங்களில், எடிட்டர் (பதிப்பித்தவர்) யார் என்றே தெரியாத நோட்ஸை இணையத்திலிருந்து இறக்கிக் குழந்தைகள் படித்துவிட்டு வருவது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் இந்த வாரம் என் பொறுமை போய்விட்டது. பெங்களூரு காக்ஸ் டவுனிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பெண், பாகின் சி மேஜர் பிரெல்யூடை (சிறு முன்னிசை) தாளைப் பார்க்காமல், பிசிறில்லாமல் வாசித்தாள். 22ஆவது பார் (நம் ஆவர்த்தனம் போன்ற தாள அளவு) முடிந்ததும் இடது கை எஃப் ஷார்ப்பிலிருந்து நேராக ஏ ஃப்ளாட்டுக்குப் போக வேண்டும். அவளோ நடுவில் ஒரு பார் முழுக்க ஜி-யில் நின்றுவிட்டுப் போனாள். 35 பார் இருக்க வேண்டிய பிரெல்யூட் 36 ஆகிவிட்டது.

பாக் தன் கையால் எழுதிய பிரதியில் அந்த பார் கிடையாது. அவர் மறைந்த பிறகு ஷ்வென்கே என்பவர் எடுத்த பிரதி வழியாக நுழைந்து, பழைய அச்சுகளில் ஏறி, அந்த பிரெல்யூடின் மேல் கூனோ அமைத்த ஆவே மரியா பாட்டிலும் உட்கார்ந்துகொண்டது. அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். மனப்பாடம் செய்த விரல்களிலிருந்து அதைப் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது வாத்தியார்களுக்குத்தான் தெரியும்.

“நோட்ஸ் எல்லாம் ஒண்ணுதானே மிஸ்? நெட்ல ஃப்ரீயா கிடைச்சுது” என்றார் அப்பா. அம்மா கர்நாடக சங்கீதம் கற்றவர். “நம்ம பாடாந்தரம் மாதிரிதானே?” என்றார்.

இல்லைங்க. பாடாந்தரம் என்பது குரு வழியாக வரும் பாடம். அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியும், கேட்டால் சொல்வார்கள். உங்கள் பிடிஎஃப் யாருடைய பாடாந்தரம்? அட்டையும் இல்லை, முன்னுரையும் இல்லை, நேராக முதல் பாரில் தொடங்குகிறது. அந்த பிரெல்யூடில் பாக் வேகம் குறிக்கவில்லை. மென்மையாக, பலமாக என்று சொல்லும் பியானோ, ஃபோர்ட்டே குறிகள் போடவில்லை. சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் ஸ்லர் வளைவு இல்லை. பெடல் குறி இருக்க வழியே இல்லை. அப்படியானால் உங்கள் தாளில் நிறைந்திருக்கும் குறிகள் யாருடையவை? பீத்தோவனின் மாணவர் செர்னியின் 1837 பதிப்பாக இருந்தால், பீத்தோவன் வாசித்துக் கேட்ட நினைவிலிருந்து பல இடங்களைக் குறித்ததாக அவரே முன்னுரையில் சொல்கிறார். பீத்தோவன் எப்படி வாசித்தார் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் குழந்தை “பாக் இங்கே மெதுவா வாசிக்கச் சொல்லியிருக்கார் மிஸ்” என்று என்னிடம் வாதாடுகிறது.

நோட்ஸே மாறும் என்பதற்கு ஃப்யூர் எலீஸ் போதும். பீத்தோவன் இறந்தது 1827இல், அது அச்சானது 1867இல். அச்சுக்கு மூலமான கையெழுத்துப் பிரதி இன்று இல்லை. ஏழாவது பாரில் ஒரு சுரம் ஈ-யா டி-யா என்று பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். ஷோபான் இன்னும் சிக்கல். பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என மூன்று நாடுகளிலும் தனித்தனியாக அச்சானதால் பாடபேதங்களுக்குக் குறைவில்லை. நல்ல பதிப்பு இவற்றை மறைக்காமல் அடிக்குறிப்பிலோ கடைசிப் பக்கங்களிலோ சொல்லும்.

அட்டையில் ‘அர்டெக்ஸ்ட்’ (மூலப் பாடம்) என்று இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எடிட்டர் பெயர் இருக்கிறதா, எந்தெந்த மூலப் பிரதிகளைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறாரா என்று திறந்து பாருங்கள். ஹென்லே, பேரன்ரைட்டர், வீனர் அர்டெக்ஸ்ட் ஆகிய பதிப்பகங்களின் புத்தகங்களில் இருக்கும். விலை கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆல்ஃபிரெட் வெளியிட்ட, பாமர் பதிப்பித்த, பாகின் இன்வென்ஷன்ஸ் (பயிற்சித் துண்டுகள்) நல்ல மாற்று. பாக் எழுதியது கறுப்பில், பாமர் சேர்த்தது சாம்பல் நிறத்தில் என்று குழந்தைக்கே புரியும்படி இருக்கும்.

இலவசம்தான் வேண்டுமா? சரி. மொட்சார்ட்டுக்கு சால்ஸ்பர்க் மொட்சார்ட்டேயம் அறக்கட்டளை தன் முழுப் பதிப்பையே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இலவச இசைத்தாள் தளமான ஐஎம்எஸ்எல்பி-யில் ஒவ்வொரு கோப்பின் கீழும் எடிட்டர், பதிப்பகம், ஆண்டு போட்டிருப்பார்கள். முதலில் வரும் கோப்பை இறக்காமல் அதைப் படியுங்கள். நல்ல பதிப்பிலும் ஆண்டைப் பாருங்கள். மொட்சார்ட்டின் ஏ மேஜர் சொனாட்டா (கே. 331) கையெழுத்துப் பிரதியின் சில பக்கங்கள் 2014இல் புடாபெஸ்ட்டில் கிடைத்தன. அதற்கு முந்தைய அச்சில் அவற்றைப் பார்த்துச் செய்த திருத்தங்கள் இருக்காது.

சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் பியானோ ஆல்பம் கிடைத்தால், பாக் பெயரில் பரவிய ஜி மேஜர் மினுவெட்டைப் புரட்டுங்கள். பெட்சோல்ட் என்பவர் எழுதிய அதை ‘பாக்’ என்று மட்டும் போட்டிருந்தால் மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

விரல் எண்கள் பெரும்பாலும் எடிட்டருடையவை, அர்டெக்ஸ்டிலும்தான். பத்து வயதுக் கைக்கு எட்டாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், குற்றமில்லை. அப்புறம், ஜெராக்ஸ் கடையில் ஏ4-க்குச் சுருக்கி ஸ்பைரல் போட்டு அனுப்பாதீர்கள். கீழே இடது கைச் சுரங்களின் துணைக்கோடுகள் பாதி வெட்டுப்பட்டு, சி எது ஏ எது என்று நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப்போட வேண்டாம், வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். என் பிரதியோடு ஒப்பிட்டு, எடிட்டர் சேர்த்த குறிகளைப் பென்சிலால் அடைப்புக்குள் போடுவோம். ஆனால் மனப்பாடம் ஆவதற்கு முன்னால் வாருங்கள், தயவுசெய்து.