நாயோட அந்தத் திருட்டு முழி நெஜமா என்ன சொல்லுது?

வெளிய போயிட்டு வந்து கதவத் தொறக்கறீங்க, ஹால் முழுக்க பஞ்சு. காலைல சோபா மேல இருந்த குஷன் இப்ப வெறும் தோலா தரையில கெடக்குது. பஞ்சுக்கு நடுவுல நம்மாளு காத பின்னாடி ஒட்ட மடக்கி, வாலக் கால் நடுவுல சொருகி, தலைய ஒரு பக்கம் திருப்பிக்கிட்டு ஓரக்கண்ணுல கண்ணோட வெள்ளை தெரியற மாதிரி ஒரு முழி முழிக்கும் பாருங்க. "பண்ண தப்பு அதுக்கே தெரியுது, மூஞ்சியப் பாரு"ன்னு சொல்லாத நாய் ஓனரே கிடையாது. நானும் பல வருஷம் இதையேதான் சொல்லிட்டு இருந்தேன், எங்க பிளாக்கிய அப்படியே ஓரமா நிக்க வச்சு திட்டி, திட்டினது பத்தாதுன்னு போட்டோ வேற எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டிருக்கேன்.

அது குற்ற உணர்ச்சியே இல்லயாம்.

2009-ல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு நியூயார்க்ல நாய்களோட அறிவ ஆராய்ச்சி பண்றவங்க ஒரு சின்ன சோதனை செஞ்சாங்க. 14 நாய். ஓனர் ஒரு பிஸ்கட்டக் காட்டி "சாப்பிடக் கூடாது"ன்னு சொல்லிட்டு ரூம விட்டு வெளிய போயிடணும். அவர் திரும்பி வரும்போது நாய் தின்னுச்சா இல்லயான்னு ஆராய்ச்சியாளர் சொல்லுவாங்க, ஆனா இதுலதான் ட்விஸ்ட்டு, சில தடவை வேணும்னே மாத்திச் சொல்லுவாங்க, தொடவே தொடாத நாய "தின்னுடுச்சு"ன்னு போட்டுக் குடுத்துருவாங்க, அந்த ஓனரும் நம்பித் திட்டுவாரு. எல்லாத்தயும் வீடியோல ஓட்டிப் பாத்தா, நெஜமா தின்ன நாய்க்கும் தின்னாத நாய்க்கும் அந்த முழியில வித்தியாசமே இல்ல. முழி அதிகமா வந்தது ஓனர் திட்டினப்பதான். அதுலயும் ஒரு தப்பும் பண்ணாம திட்டு வாங்கினதுங்கதான் ரொம்ப அதிகமா முழிச்சிருக்கு, பாவம்.

இதுக்கு முன்னாடியே 1977-ல பீட்டர் வோல்மர்னு ஒருத்தர் இன்னும் சிம்பிளா இதயே காட்டிட்டாரு. வீட்ல பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டு திருட்டு முழி முழிக்கற ஒரு நாய், இந்தத் தடவை ஓனரையே பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டு வெளிய போயிட்டு வரச் சொன்னாரு. வந்து பாத்தா நாய் அதே மூஞ்சி! அது தலைக்குள்ள ஓடற கணக்கு ஒண்ணே ஒண்ணுதான்: தரையில பேப்பர், வாசல்ல ஓனர், அடுத்து திட்டு விழும். யாரு கிழிச்சாங்கங்கறது அந்தக் கணக்குலயே இல்ல.

அப்ப அந்த மூஞ்சி என்னதான் சொல்லுது? ஓநாய்க் குடும்பத்துல எளசுங்க பெருசுங்க முன்னாடி செய்யற அதே உடம்பு பாஷைதான் அது, ஒடம்பச் சுருக்கிக்கறது, காத மடக்கறது, நேருக்கு நேர் பாக்காம மூஞ்சியத் திருப்பிக்கறது, சிலது பொத்துன்னு மல்லாக்கப் படுத்து வயித்தக் காட்டறது. "நீ கோவமா இருக்க, நான் உன்கிட்ட மோத வரல, விட்டுரு"ங்கறதுதான் மொத்த அர்த்தம். நாய்க்குள்ள குற்ற உணர்ச்சிங்கறதே கிடையாதுன்னு இத வச்சு அடிச்சு சொல்லிட முடியாது, ஆனா அந்த மூஞ்சி அதுக்கு சாட்சி இல்ல. நாயப் பொறுத்தவரைக்கும் திட்டும் பரிசும் அந்த செகண்ட்ல நடக்கற விஷயத்தோடதான் ஒட்டிக்கும், காலைல கிழிச்ச குஷனுக்கு சாயங்காலம் திட்டினா அது கத்துக்கறது "இவரு வீட்டுக்கு வந்தா பயமா இருக்கு"ங்கறத மட்டும்தான். குஷனக் கிழிக்கறதுக்கே பல நேரம் காரணம் போர் அடிக்கறது, இல்லன்னா தனியா விட்டுட்டுப் போனதால வர்ற பதட்டம். பழைய போன் ஒண்ண வீடியோல போட்டு வச்சுட்டுப் போய்ப் பாருங்க, நீங்க போன அரை மணி நேரத்துக்குள்ளயே மூச்சு வாங்கிட்டு கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துட்டு, அழுதுட்டு, கதவப் பெராண்டிட்டு இருந்துச்சுன்னா அது சேட்டை இல்ல, பயம். அப்படின்னா திட்டு எல்லாம் எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தற கதை.

சரி, நம்ம கோவத்த அது எப்படி இவ்ளோ கரெக்டாப் புடிக்குது? இங்கதான் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமா இருக்கற பகுதி. 2003-ல ஹங்கேரில ஆடம் மிக்லோசி டீம் மனுஷங்க கையால வளர்ந்த ஓநாயையும் நாயையும் வச்சு ஒரு டெஸ்ட் பண்ணாங்க. சாப்பாடு ஒரு டப்பாக்குள்ள, முதல்ல எடுக்க முடிஞ்சது, அப்புறம் எடுக்கவே முடியாத மாதிரி ஆக்கிட்டாங்க. ஓநாய் கடைசி வரைக்கும் டப்பாகூட மல்லுக்கட்டிட்டே இருந்துச்சு. நாய் கொஞ்ச நேரம் முட்டி மோதிட்டு, திரும்பி மனுஷன் மூஞ்சியப் பாத்துச்சு. "ஏம்ப்பா, கொஞ்சம் எடுத்துக் குடேன்"னு. நம்ம மூஞ்சியப் பாக்கறதே அதுக்கு ஒரு பொழப்பு வழி. 2015-ல ஜப்பான்ல மிஹோ நாகசாவா குழு கண்டுபிடிச்சது இன்னொண்ணு, நாயும் ஓனரும் ஒருத்தர ஒருத்தர் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டா ரெண்டு பேருக்குமே ஆக்சிடோசின் ஏறுது, தாய்க்கும் கொழந்தைக்கும் நடுவுல வேலை செய்யற அதே ஹார்மோன். ஓநாய வச்சுப் பாத்தப்ப அது நடக்கல.

2019-ல ஜூலியானே காமின்ஸ்கி குழு நாய், ஓநாய் ரெண்டோட மூஞ்சித் தசையயும் அறுத்துப் பாத்து ஒப்பிட்டாங்க. புருவத்தோட உள்பக்கத்த மேல தூக்கற ஒரு தசை நாய்க்கு நல்லா இருக்கு, ஓநாய்க்கு அந்த எடத்துல பெருசா ஒண்ணுமில்ல. தட்டு பக்கத்துல வந்து உக்காந்து கண்ண பெருசாக்கி ஒரு பார்வை பாக்குமே, அதுக்குன்னு தனித் தசை! இந்த மூஞ்சிக்கு மயங்கற மனுஷங்க தலைமுறை தலைமுறையா அந்த மாதிரி நாய்க்கே சோறு போட்டதால வந்ததா இருக்கும்னுதான் அவங்க சொல்றாங்க, நாம ஏமாந்ததுக்கு எலும்பு தசையோட ஆதாரம் இருக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

குரலும் இப்படித்தான். புடாபெஸ்ட்ல அட்டிலா ஆண்டிக்ஸ் குழு நாய்ங்களுக்கு எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள ஆடாம அசையாம படுக்கப் பழக்கி (எங்க பிளாக்கி நகம் வெட்டவே ரெண்டு பேரு புடிக்கணும்), ஹெட்போன்ல பேச்சப் போட்டாங்க. 2016-ல வந்த ரிசல்ட் படி, பாராட்டற வார்த்தையும் பாராட்டற தொனியும் சேர்ந்து வந்தா மட்டும்தான் மூளைல சந்தோஷப் பகுதி நல்லா வேலை செய்யுது. போன நோண்டிக்கிட்டே சப்புன்னு "நல்ல பையன்டா"ன்னு சொன்னா அதுக்கு அது செல்லாத நோட்டு.

இவ்ளோ படிக்குது அது நம்மள. நாம அத எவ்ளோ படிக்கறோம்? வால ஆட்டுனா ஹாப்பி, அவ்ளோதான் நம்ம அகராதி. 2007-ல இத்தாலில 30 நாய்ங்க வால கேமரால அளந்து பாத்தாங்க, ஓனரப் பாத்தா வால் அதோட வலப்பக்கம் அதிகமா சாயுது, முன்னபின்ன தெரியாத, முறுக்கிக்கிட்டு நிக்கற ஒரு நாயக் காட்டினா இடப்பக்கம் சாயுது. நம்ம கண்ணுக்கு இது சட்டுனு தெரியாது, ஆனா வால் எவ்ளோ ஒசரத்துல இருக்கு, ஒடம்பு வளைஞ்சு குழையுதா விறைச்சு நிக்குதாங்கறது தெரியும். இடுப்போட சேர்ந்து லொடலொடன்னு ஆடுற வாலும், குச்சி மாதிரி மேல நின்னு நுனி மட்டும் விறுவிறுன்னு துடிக்கற வாலும் ஒண்ணு இல்ல, ரெண்டாவதுகிட்ட கைய நீட்டாதீங்க.

அதே மாதிரி தூக்கமே இல்லாத நேரத்துல கொட்டாவி, எதிர்ல சாப்பாடு இல்லாதப்ப நாக்கால மூக்க நக்கறது, நனையாமலேயே ஒடம்ப உலுக்கறது, இதெல்லாம் பதட்டத்தோட சின்னச் சின்ன சிக்னல். கொழந்தை கழுத்தக் கட்டிப் புடிச்சிருக்கும், நாய் மூஞ்சியத் திருப்பி கண் வெள்ளையக் காட்டிட்டு நக்கிக்கிட்டு நிக்கும், நாம "சோ க்யூட்"னு ஹார்ட் போடுவோம். கொரைக்கிற நாய் கடிக்காதுன்னு ஒரு பழமொழி வேற, அத நம்பி யாரும் பக்கத்துல போயிடாதீங்க, கொரைக்கிற நாயும் கடிக்கும். உறுமறதுக்காக நாய அடிக்கறது இன்னும் மோசம், ஏன்னா கொட்டாவி, முகம் திருப்பறதுன்னு எல்லாம் சொல்லிப் பாத்து நமக்குப் புரியலன்னு கடைசியாத்தான் அது உறுமுது. உறுமறத அடிச்சு நிறுத்தினா பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும், அப்புறம் "திடீர்னு கடிச்சுருச்சு"ன்னு சொல்லுவாங்க.

இந்த அடிச்சு வளக்கற பழக்கத்துக்குப் பின்னாடி "நீதான் தலைவன்னு காட்டணும்"ங்கற ஆல்ஃபா கதை ஒண்ணு இருக்கு. ஓநாய்க் கூட்டத்துல சண்டை போட்டு ஜெயிக்கறதுதான் தலைவன், அதாவது ஆல்ஃபாங்கறதுதான் கதை, 1947-ல ருடால்ஃப் ஷெங்கல்னு ஒரு ஆராய்ச்சியாளர், அடைச்சு வச்ச ஓநாய்ங்களப் பாத்து எழுதினதுலருந்து கெளம்பினது. சம்பந்தமில்லாத ஓநாய்ங்கள ஒரே எடத்துல போட்டு அடைச்சா சண்டை போடாம என்ன பண்ணும்? காட்டுல ஓநாய்க் கூட்டம்னா அது பெரும்பாலும் அப்பா, அம்மா, அதுங்க புள்ளைங்க, அவ்ளோதான். ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக், 1970-ல ஆல்ஃபா கதைய புத்தகத்துல எழுதிப் பரப்பினவரு, 1999-ல அவரே அது தப்புன்னு எழுதி, அந்தப் பழைய புத்தகத்த அச்சடிக்கறத நிறுத்துங்கன்னு பதிப்பாளர்கிட்ட கேட்டுட்டு இருந்தாரு. மனுஷன் ஒத்துக்கிட்டாரு, சில ட்ரெய்னருங்க இன்னும் ஒத்துக்கல.

மூக்கப் பத்தி எழுதினா தனிக் கட்டுரையே ஆயிடும், ஒண்ணு மட்டும். நமக்கு மூக்குல வாசனை புடிக்கற செல்லு 50, 60 லட்சம்னா அதுக்கு 20 கோடிக்கு மேல. நாம வாக்கிங் கூட்டிட்டுப் போய் ஒரு கம்பத்துகிட்ட நின்னா "வாடா லேட் ஆச்சு"ன்னு இழுக்கறோம், அது அங்க யாரு வந்தா, எப்ப வந்தான்னு படிச்சுட்டு இருக்கு. படிக்க விடுங்க.

இதெல்லாம் படிச்சப்புறம் அந்த குரூப்ல போட்ட பிளாக்கி போட்டோவத் தேடி எடுத்துப் பாத்தேன், "திருடன் மாட்டிக்கிட்டான்"னு நானே கேப்ஷன் போட்டு சிரிக்கற ஸ்மைலி எல்லாம் வச்சிருந்த போட்டோ. காது மடங்கி, நாக்கு பாதி மூக்கு மேல, கண்ணு ஓரமா. பெருசாக்கிப் பாத்தா தரையில பஞ்சு மேல ஒரு நிழல் விழுந்திருக்கு, போனக் கையில புடிச்சு குனிஞ்சு நிக்கற என் நிழல். அது பாதி பிளாக்கி மேலதான் இருக்கு.