ஸ்லீவ் செய்து 5 வருடம் கழித்து எடை ஏறினால்

எடை குறைய பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டிக் குழாயாக்கும் ஸ்லீவ், அல்லது வயிற்றைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ்) செய்து நான்கைந்து வருடம் ஆனவர்கள் எடை ஏறிவிட்டது என்று திரும்ப வரும்போது, "வயிறு மறுபடி விரிந்துவிட்டதா டாக்டர்?" என்றுதான் கேட்பார்கள். கூடவே, "இன்னொரு ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா?" என்பதும் வரும். வயிறு கொஞ்சம் விரிந்திருக்கும். ஆனால் அது மட்டுமே எடை ஏறக் காரணமாக இருப்பது குறைவு. அதனால் இரண்டாவது கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

முதலில், ஏறியது உண்மையிலேயே அதிகமா என்று பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 24 மாதத்துக்குள் எடை அதன் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு சிறிது ஏறுவது இயல்பு. உடல் பருமன் உள்ளவர்களைப் பல வருடம் பின்தொடர, 1987ல் ஸ்வீடனில் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32% எடை குறைந்தார்கள். 10 வருடம் கழித்துப் பார்த்தபோது அது 25% ஆக இருந்தது. அந்தக் கணக்குப்படி 120 கிலோ இருந்த ஒருவர் 82 வரை இறங்கி, பத்தாவது வருடம் 90ல் நிற்கிறார். இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. சராசரியே அதுதான். ஆனால் அதே நபர் மூன்றாவது வருடமே 92ஐத் தாண்டினால், அதாவது குறைத்த 38 கிலோவில் கால் பங்குக்கு மேல் திரும்பி வந்தால், காரணம் தேட வேண்டிய நேரம் அது. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் இதற்குக் கிடையாது. ஏறும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் 3 கிலோ ஏறியவுடன் வந்தால் செய்ய நிறைய இருக்கிறது. 20 கிலோ ஏறும் வரை வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. எடை குறைந்தாலும் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை, செல்கள் சுருங்க மட்டுமே செய்கின்றன. பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்தவர்களிடமும் இதே நிலைதான் என்று 2008ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் காட்டினார்கள். 120லிருந்து 82க்கு இறங்கியவரின் உடல், எப்போதுமே 82 கிலோவை ஒட்டி இருந்தவரின் உடலை விடக் குறைவாகவே கலோரி செலவழிக்கும். ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படும் மேல் பகுதிதான் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனின் முக்கிய ஊற்று. அதனால் முதல் வருடம் பசியே தெரியாது. பலருக்கு இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் பசி திரும்பிவிடும். மன உறுதி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த மாற்றத்தைத்தான்.

தட்டில் என்ன நடக்கிறது

ஸ்லீவில் வயிற்றின் 75 முதல் 80 சதவீதம் வரை எடுக்கப்பட்டு, 100 முதல் 150 மில்லி கொள்ளும் குழாயாக மிச்சம் இருக்கும். அந்தக் குழாய் அளவை மட்டும் பார்ப்பதில்லை, உணவின் தன்மையையும் பார்க்கிறது. அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டலை நன்றாக மென்று சாப்பிட்டால் போதும் என்று ஆகிவிடும். அதே வயிற்றில் குழையப் பிசைந்த ரசம் சாதம் இரண்டு கரண்டி வழுக்கிக்கொண்டு இறங்கும், கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு கரண்டிக்கு இடம் இருக்கும். டீயில் நனைத்த பிஸ்கட், பாயசம், ஐஸ்கிரீம், வாயில் கரையும் முறுக்கு எல்லாம் இதே வகை. ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்கு நாமே கூழாகச் சாப்பிடச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்திலிருந்து கெட்டியான உணவுக்குத் திரும்பாமலே தங்கிவிடுபவர்கள் கணிசம்.

"மூன்று வேளையும் கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. வேளைகளுக்கு நடுவில்தான் கணக்கு விடுபடுகிறது. காலை 6 மணிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீ, மூன்று மேரி பிஸ்கட்: சுமார் 180 கலோரி. 11 மணிக்கு இன்னொரு டீ: 100. சாயங்காலம் டீயும் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், மிக்ஸரும்: 260. படுக்கும் முன் மால்ட் பவுடர் கலந்த பால் ஒரு டம்ளர்: 200. இதில் எதையும் யாரும் சாப்பாடு என்று சொல்லமாட்டார்கள். கூட்டினால் 700ஐத் தாண்டுகிறது. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்று மாற்றுவதால் இந்தக் கணக்கு அசையாது.

ஒரு வாரம் வாயில் போடும் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுவதுதான் எங்கள் முதல் பரிசோதனை. ரத்தப் பரிசோதனையை விட அதிகம் சொல்லும். போனில் போட்டோ எடுத்தாலும் போதும்.

திருத்தம் புரதத்திலிருந்து தொடங்க வேண்டும். தினம் 60 முதல் 80 கிராம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் சமைத்த மீனில் சுமார் 20, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 27க்கு மேல். அசைவம் சாப்பிடுபவருக்கு இலக்கை எட்டுவது கடினம் இல்லை. சைவத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் 12, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு 8, தயிர் 200 கிராம் 7, பன்னீர் 50 கிராம் 9, காய்ந்த எடையில் 25 கிராம் சோயா உருண்டை 13. எல்லாவற்றையும் ஒரே நாளில் சாப்பிட்டாலும் 50ஐ ஒட்டித்தான் நிற்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அந்தப் பற்றாக்குறைக்கு ஒரு வேளை புரதப் பவுடர் சேர்ப்பதில் தவறில்லை. தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், கடைசியில் சாதம் என்ற வரிசை மாறக்கூடாது. சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துத் தண்ணீர் குடியுங்கள் என்ற விதிக்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை. இருந்தாலும் சாதத்தை ரசத்திலும் மோரிலும் கரைத்துச் சாப்பிடும் நம் ஊரில் அதைக் கடைப்பிடிக்கச் சொல்வோம்.

இணையத்தில் சுற்றும் 5 நாள் "பவுச் ரீசெட்" திரவ உணவு வயிற்றைச் சுருக்காது. உடல் நீர் இரண்டு கிலோ இறங்கும், ஆறாவது நாள் ஏறும்.

உணவுப் பழக்கம் என்று தோன்றும், ஆனால் நோயாக இருக்கும்

ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் வருவது சாதாரணம். எரிச்சலை அடக்க இரண்டு மணிக்கொரு தரம் பால், பன், பிஸ்கட் என்று சாப்பிடுபவருக்கு டயட் சார்ட்டால் பயன் இல்லை. எரிச்சலுக்குத்தான் வைத்தியம் வேண்டும். பைபாஸ் செய்தவர்களிடம் இன்னொரு சுழல் உண்டு. சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். உடனே மிட்டாய் சாப்பிடுவார்கள், சரியாகும். அந்த இனிப்பே அடுத்த தாழ்வைக் கொண்டுவரும், மறுபடி இனிப்பு. அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து 70க்குக் கீழே இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தோடு சேர்த்துச் சாப்பிடுவதிலேயே பலருக்கு அடங்கிவிடும். அடங்காதவர்களுக்கு மாத்திரை இருக்கிறது.

மருந்துச் சீட்டையும் பார்க்க வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு, ஸ்டீராய்டு, ஓலன்சபின், மிர்ட்டாசபின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட், பிரிகாபாலின் எல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேட்கலாம். மதுவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பின், குறிப்பாக பைபாஸில், மது வேகமாக ஏறும், அடிமையாகும் அபாயமும் கூடும். கலோரிக் கணக்கு அதற்கு மேல்.

இந்த விசாரணை முடிந்த பிறகே பரிசோதனைகள். டி.எஸ்.எச். (தைராய்டு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, விட்டமின் டி, கால்சியம், ஆல்புமின். எடை ஏறியவருக்குச் சத்துக் குறைபாடு இருக்காது என்று நினைப்பது தவறு, இரண்டும் ஒன்றாகவே வரும். எண்டோஸ்கோபியில், ஸ்லீவ் என்றால் வயிற்றின் மேல் பகுதி மிச்சம் விடப்பட்டிருக்கிறதா, ஹையாட்டஸ் ஹெர்னியா (வயிறு நெஞ்சுக்குள் ஏறுவது) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பைபாஸில் வயிறும் குடலும் சேரும் வாய் அகன்றுவிட்டதா, பைக்கும் ஒதுக்கிவைத்த வயிற்றுக்கும் இடையே துளை விழுந்திருக்கிறதா என்பதும் தெரியும். அந்தத் துளை இருந்தால் எந்த டயட்டும் பலிக்காது.

உடல் அமைப்பில் கோளாறு இல்லையென்றால், உணவுத் திருத்தத்தோடு மருந்து சேர்ப்பதே இப்போது எங்கள் அடுத்த படி. டிர்செபடைடு ஊசி (மவுஞ்சாரோ) 2025 மார்ச்சிலும், செமாகுளூடைடு ஊசி (வெகோவி) அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. குறைந்த அளவில் தொடங்கி மாதக் கணக்கில் ஏற்ற வேண்டியவை இவை. ஏற்கெனவே சிறிய வயிறு உள்ளவர்களுக்கு அவசரப்பட்டு ஏற்றினால் நாள் முழுக்க வாந்தி வரும். வாந்தி தொடர்ந்தால் தயமின் (விட்டமின் பி1) தீர்ந்து நரம்பு பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது எல்லாம் அவசர சிகிச்சைக்கான அறிகுறிகள். பித்தக்கல், கணையச் சிக்கல் இருந்தவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் செமாகுளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசி போடும் காலத்தில் புரதமும் வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் இல்லையென்றால் குறையும் கிலோவில் தசை நிறைய இருக்கும். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும், இதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

அகன்ற பைபாஸ் வாயை எண்டோஸ்கோபி வழியே தைத்துச் சுருக்கலாம். ஸ்லீவை பைபாஸாகவோ, குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கும் மினி பைபாஸாகவோ மாற்றும் மறு அறுவை சிகிச்சையும் உண்டு. நெஞ்செரிச்சலும் எடையும் சேர்ந்து இருப்பவருக்கு சாதாரண பைபாஸ் நல்ல தேர்வு. விரிந்த ஸ்லீவையே மறுபடி வெட்டிச் சிறிதாக்குவதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டாவது ஆபரேஷனில் கசிவு அபாயம் முதலாவதை விட அதிகம், குறையும் எடையோ முதல் தடவை அளவுக்கு இருக்காது. குடலை இன்னும் நீளமாக ஒதுக்கினால் எடை இறங்கும், ஆனால் புரதம் சேராமல் கால் வீங்கி வருபவர்களும் உண்டு.

வரும்போது முதல் ஆபரேஷனின் குறிப்பைக் கொண்டுவாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எந்த அளவு பூஜி (வெட்டும்போது அளவுக்காக வயிற்றுக்குள் வைக்கும் குழாய்) வைத்து ஸ்லீவ் செய்தார்கள், பைபாஸ் என்றால் எத்தனை சென்டிமீட்டர் குடல் ஒதுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். காணாமல் போயிருந்தால் செய்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். நம் நாட்டு மருத்துவ விதிகளின்படி, உள்நோயாளியின் மருத்துவ ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வரை வைத்திருப்பதுதான் கட்டாயம். அதனால் ஆபரேஷன் சமீபத்தில் முடிந்தவர்கள் இப்போதே ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.