பிரதமர்கள் கையெழுத்துப் போட்டாலும் செல்லாத ஒப்பந்தம் உண்டா?

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் வக்கீல் தொழில் செய்பவரிடம், பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "ரெண்டு பிரதமருங்க கையெழுத்துப் போட்டு எங்க அப்பா அம்மாவக் கப்பல் ஏத்தி விட்டாங்களே, அது செல்லுமா சார்?" இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரு நாடுகளும் பங்குபோட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்தைத்தான் கேட்கிறார்கள்; கையெழுத்துப் போட்டவர்கள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும். சர்வதேசச் சட்டப்படி செல்லாதாமே, ஹேக் நீதிமன்றத்துக்குப் போகலாமாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அப்படிச் சொல்லி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

செல்லாத ஒப்பந்தம் என்பது உண்மையிலேயே உண்டு. கூலிக்கு முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் கொத்தடிமை ஒப்பந்தத்தில் தொழிலாளி மனமுவந்து கைநாட்டு வைத்திருந்தாலும், 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வெறும் காகிதம். நாடுகளுக்கு இடையிலும் இப்படி ஒரு எல்லை இருக்கிறது. 1969ல் உருவான வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையின் 53ஆம் பிரிவு, எந்த நாடும் விலக்குப் பெற முடியாத கட்டாய நெறிக்கு முரணாகச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்கிறது. கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் காப்பாற்றவும் முடியாது. பின்னாளில் அப்படி ஒரு நெறி புதிதாக உருவானால், பழைய ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது என்கிறது 64ஆம் பிரிவு. இந்தியா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனாலும் நம் உச்ச நீதிமன்றம் இதை எடுத்தாண்டிருக்கிறது.

எவையெல்லாம் கட்டாய நெறி? ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2022ல் எட்டைக் குறிப்பிட்டது. ஆக்கிரமிப்பு, இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள், இனப் பாகுபாடு, அடிமைமுறை, சித்திரவதை ஆகியவற்றுக்கான தடைகளும், போர்க்கால மனிதாபிமான அடிப்படை விதிகளும், மக்களின் சுயநிர்ணய உரிமையும். பட்டியல் முடிந்துவிடவில்லை என்று ஆணையமே சொன்னாலும், வாசல் குறுகலானதுதான்.

இதில் தென் அமெரிக்க நாடான சூரினாமின் வழக்கைத்தான் நான் எப்போதும் சொல்வேன். தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் வாழ்ந்த அடிமைகளின் வழிவந்தவர்கள் சரமக்கா மக்கள். 1762ல் அந்நாட்டை ஆண்ட டச்சுக்காரர்கள் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இனித் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. 1987ல் ராணுவத்தினர் சரமக்கா ஆண்கள் 7 பேரைக் கொன்றார்கள். யார் யாருக்கு நட்ட ஈடு என்ற விசாரணையில் அந்தப் பழைய ஒப்பந்தம் எடுத்துக் காட்டப்பட்டது. அது ஒப்பந்தம்தானா என்று ஆராயவே வேண்டியதில்லை, அடிமைப் பிடிப்பைச் சொல்லும் எதுவும் இன்று செல்லாது என்றது அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், 1993ல். அதே தீர்ப்பில் அந்த மக்களின் குடும்ப வழக்கத்தை மதித்து வாரிசுகளைத் தீர்மானித்தது. ஒப்பந்தம் போனது, மக்களின் உரிமை போகவில்லை.

சரி, நம் விஷயம். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தேயிலை பறித்தவர்களைக் கேட்காமலே இதெல்லாம் நடந்தது. 1948ல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியதும் சரி, இப்படிப் பங்குபோட்டதும் சரி, என் பார்வையில் பெரிய அநியாயம்.

ஆனால் 53ஆம் பிரிவால் அதைக் கவிழ்ப்பது நடக்காத காரியம். வியன்னா உடன்படிக்கை முந்தைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று அதுவே சொல்கிறது. குடியுரிமை பறிப்பு அந்த எட்டில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. இனப் பாகுபாடு என்று வாதாடலாம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள்தான் வழக்காட முடியும். தனிமனிதரோ சங்கமோ அங்கே மனு போட வழியே இல்லை.

உங்கள் உரிமை இங்கே இருக்கிறது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் இந்த மலையில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம், அதுதான். பணிக்கொடை, சான்றிதழ் பிரச்சினைகளுக்கு நம் ஊர் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் உண்டு. பெற்றோர் கொண்டுவந்த குடும்ப அட்டை, பழைய இந்தியக் கடவுச்சீட்டு, மறுவாழ்வுக் கடன் காகிதங்கள் எதையும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்க விடாதீர்கள். நகலெடுத்து வையுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வக்கீலிடமும்தான்.