30 கேவி கேட்பதற்கு முன்னால்

எஸ்.இ.எம். (எலக்ட்ரான் கற்றையால் மேற்பரப்பைப் படமெடுக்கும் நுண்ணோக்கி) அறைக்கு வரும் ஆய்வு மாணவர்கள் உட்காரும் முன்பே கேட்பது இதுதான்: "மேடம், 30 கேவி வைங்க, அப்பத்தான் கிளியரா வரும்." கேவி என்றால் கிலோவோல்ட், எலக்ட்ரான் கற்றையை முடுக்கும் வோல்டேஜ். போன வாரம் ஒரு மாணவி வேறோர் ஆய்வகத்தில் அப்படி எடுத்துவிட்டு வந்தார். கையில் வெள்ளை வெளேரென்ற படங்கள். கற்றை நின்ற இடமெல்லாம் பாலிமர் படலம் சுருங்கிக் கிடந்தது. அவரிடம் இருந்ததே அந்த ஒரு துண்டுதான். இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வோல்டேஜ் கூடினால் படம் தெளியும் என்பது தவறு. கற்றை மோதும்போது சாம்பிளிலிருந்து கிளம்பி வெளியே வரும் இரண்டாம் நிலை எலக்ட்ரான்கள்தான் திரையில் தெரியும் படம். அவற்றின் ஆற்றல் 50 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே. பெரும்பாலானவற்றுக்கு ஒற்றை இலக்கம்தான். அவ்வளவு சோனியான எலக்ட்ரான் ஆழத்திலிருந்து தப்பி வராது. உலோகத்தில் மேல் சில நானோமீட்டர், மின்கடத்தாப் பொருளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

30 கேவி கற்றையோ பாலிமருக்குள் பல மைக்ரோமீட்டர் இறங்கிவிடும். உள்ளே சிதறித் திரும்பும் எலக்ட்ரான்கள், கற்றை விழுந்த புள்ளியிலிருந்து தள்ளி எங்கோ வெளியேறும். போகிற போக்கில் அங்கேயும் இரண்டாம் நிலை எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். கருவி அதையும் சேர்த்து, கற்றை நிற்கும் புள்ளியின் கணக்கில் எழுதிவிடும். மேற்பரப்பின் நுண்ணிய மடிப்புகள் மங்குவது இதனால்தான். கேவி கூடினால் கற்றையின் முனை மெலியும், உண்மைதான். ஆனால் மெலிந்த முனையால் உங்கள் படலத்துக்கு என்ன லாபம்? 2 கேவியில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்சாரம் கடத்த மேலே தங்கமோ கார்பனோ பூசாத பாலிமரா? 1 கேவியை ஒட்டி இறங்கினால், உள்ளே போகிற எலக்ட்ரானும் வெளியே வருகிற எலக்ட்ரானும் கிட்டத்தட்டச் சமமாகி, சாம்பிளில் சார்ஜ் தேங்கிப் படம் வெளுப்பதும் அடங்கும்.

அப்புறம், விளிம்பு பளிச்சென்று தெரிந்தால் "வேறு பொருள் படிந்திருக்கிறது" என்று தீசிஸில் எழுதிவிடாதீர்கள். விளிம்பில் எலக்ட்ரான் வெளியேறப் பக்கவாட்டிலும் வழி உண்டு, அதனால்தான் அந்தப் பளிச். கைடுகளும் இதைக் கவனிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

மேல் சில நானோமீட்டர்தான் படம் என்றால், வெறுங்கையால் தொட்ட சாம்பிளில் நீங்கள் பார்ப்பது உங்கள் விரல் எண்ணெயை. கற்றை பட்ட இடத்தில் கார்பன் படிந்து கறுப்புச் சதுரமும் விழும். கையுறை போடுங்கள். ஈரத்தோடு கொண்டுவராதீர்கள். தனிமப் பகுப்பாய்வில் பாஸ்பரஸோ சல்பரோ தேடுவதாக இருந்தால் பூச்சுக்கு முன்பே சொல்லுங்கள். தங்கத்தின் எக்ஸ்ரே கோடு அந்த இரண்டின் கோடுகளுக்கும் நடுவில் வந்து உட்காரும், கார்பன் பூச்சுதான் சரி.

காந்தத் துகள் என்றால் தயவுசெய்து மறைக்காதீர்கள். லென்ஸ் முனையில் போய் ஒட்டிக்கொண்டால் கற்றை இறங்கிவரும் குழலைத் (column) திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரும். அதுவரை உங்களுக்குப் பின்னால் ஸ்லாட் வாங்கிய அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.