காசு தேடுற மெட்டல் டிடெக்டர்: பழசுக்கும் புதுசுக்கும் உண்மையில என்ன வித்தியாசம்?

1881 ஜூலை 2, அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் ஸ்டேஷன்ல சுட்டாங்க. ஒரு குண்டு உடம்புக்குள்ளயே தங்கிடுச்சு, எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் 14 வருஷம் இருக்கு, அதனால எங்க இருக்குன்னு டாக்டர்களுக்குப் பிடிபடல. டெலிபோன் செஞ்ச கிரஹாம் பெல் கம்பிச்சுருள்கள வெச்சு ஒரு கருவி செஞ்சு எடுத்துட்டு வந்தார், பக்கத்துல உலோகம் இருந்தா காதுல சத்தம் கேக்கும். வெளியில சோதிச்சப்போ நல்லா வேலை செஞ்சது. ஆனா அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள்ள ஸ்டீல் ஸ்பிரிங் இருந்துச்சு, அது போதாதுன்னு டாக்டர் வலது பக்கம் மட்டும்தான் தேட விட்டார், குண்டு கிடந்தது இடது பக்கம். செப்டம்பர் 19 அன்னைக்கு அதிபர் இறந்துட்டார்.

இன்னைக்கு பென்சில்வேனியால ஒரு பழைய பண்ணை வீட்டுத் தோட்டத்துல காசு தேடுறவனுக்கும் பிரச்சனை அதே ஸ்பிரிங்தான், என்ன, இங்க அது துருப்பிடிச்ச ஆணியா இருக்கும். பழைய மெஷின் வாங்கவா புதுசு வாங்கவான்னு கேக்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எவ்ளோ ஆழம் போகும்"னுதான். என்னைப் பொறுத்தவரைக்கும் அது தப்பான கேள்வி.

மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். கம்போட நுனில இருக்கிற தட்டைத்தான் காயில்னு சொல்றது, அதுக்குள்ள ஒரு சுருள் மண்ணுக்குள்ள காந்தப்புலத்தை அனுப்பும், அது செகண்டுக்கு சில ஆயிரம் தடவை திசை மாறிட்டே இருக்கும் (அந்த எண்ணிக்கைதான் ஃபிரீக்வென்சி), அந்தப் புலத்துல மாட்டுற காசுக்குள்ள சுழல் மின்னோட்டம் கிளம்பும், அந்த மின்னோட்டம் தனக்குன்னு ஒரு குட்டிப் புலத்தை உண்டாக்கும், அதை இன்னொரு சுருள் பிடிக்கும். வெள்ளி, செம்பு மாதிரி நல்லா கடத்துற உலோகத்துல அந்த மின்னோட்டம் சீக்கிரம் அடங்காது, அதனால பதில் சிக்னல் கொஞ்சம் பின்தங்கி வரும். மெல்லிசான அலுமினியத் தாள்ல சட்டுன்னு அடங்கிடும். இரும்புக்குக் காந்த குணம் இருக்கறதால அதோட பதிலே வேற மாதிரி. இந்தப் பின்தங்கலை அளந்துதான் ஸ்கிரீன்ல நம்பர் காட்டுறாங்க.

ஆழம் ஏன் பெருசா கூடலன்னா, காயிலை விட்டு தள்ளிப் போகப் போக புலம் தூரத்தோட மூணாவது மடிக்கு குறையுது, திரும்பி வர்றப்பவும் அதே மாதிரி குறையுது, மொத்தத்துல ஆறாவது மடி. அஞ்சு இன்ச்ல இருக்கிற காசு பத்து இன்ச்சுக்குப் போனா சிக்னல் 64 மடங்கு வரைக்கும் பலவீனமாகலாம்! பவரைக் கூட்டினா மண்ணுல இருக்கிற இரும்புத் தாதுவும் சேர்ந்து கத்தும். 80கள்ல வந்த ஒரு நல்ல மெஷின் சுத்தமான மண்ணுல எட்டு இன்ச்ல ஒரு வெள்ளி டைமைப் (அமெரிக்க பத்து சென்ட் காசு) பிடிச்சதுன்னா, இன்னைக்கு மெஷின் அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு இன்ச் போனாலே பெரிய விஷயம்.

அப்போ காசு கொடுத்து புதுசு வாங்குறது எதுக்கு?

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட ஊசி மீட்டர் வெச்ச பழைய ஒத்த ஃபிரீக்வென்சி மெஷின் இருக்கு, என்கிட்ட மைன்லேப் கம்பெனியோட புது மெஷின், எக்வினாக்ஸ் 800. ஒரு நாள் அவர் தோட்டத்துல புல்லு மேல ஒரு வெள்ளி டைமை வெச்சோம், 1964 வரைக்கும் அடிச்சதுல 90 சதவீதம் வெள்ளி, வெறும் 2.5 கிராம். அதுக்கு ஒரு இன்ச் தள்ளி ரெண்டு துருப்பிடிச்ச ஆணி. காசை மட்டும் வெச்சப்போ ரெண்டு மெஷினும் கணீர்னு சொல்லிச்சு. ஆணியைப் பக்கத்துல வெச்சதும் அவரோடது இரும்பை ஒதுக்குறேன்னு காசையும் சேர்த்து ஒதுக்கிடுச்சு, எந்தப் பக்கத்துல இருந்து வீசினாலும் சத்தமே இல்ல. என்னோடதுல முதல்ல ஒரு கரகரப்பு, உடனே ஒரு மெல்லிசான உயர்ந்த சத்தம், 90 டிகிரி திரும்பி நின்னு வீசினப்போ இன்னும் தெளிவா கேட்டுச்சு.

காரணம் மெஷின் ஒரு சிக்னலை முடிச்சிட்டு அடுத்ததுக்குத் தயாராக எடுத்துக்குற நேரம். காயிலை செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துல வீசுறோம்னு வைங்க, மெஷின் 100 மில்லிசெகண்ட் எடுத்துக்கிச்சுன்னா அதுக்குள்ள காயில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துடும், ஆணியும் காசும் ஒரே சிக்னலா குழம்பிடும். 2009ல வந்த டியூஸ்ங்கிற மெஷின் இந்த வேகத்துக்குத்தான் பேர் வாங்குச்சு. எக்வினாக்ஸ் 800ல அதை 1ல இருந்து 8 வரைக்கும் நாமே வெச்சுக்கலாம். ஆனா பழசுன்னாலே மந்தம்னு முடிவு பண்ணிடாதீங்க, டெசோரோ மாதிரி ஸ்கிரீனே இல்லாத அனலாக் மெஷின் சிலது ஆணிக் குப்பைல ரொம்ப சுறுசுறுப்பு, அதனாலதான் அந்தக் கம்பெனி மூடின பிறகும் ஜனங்க அதை விடாம வெச்சிருக்காங்க.

அடுத்தது ஃபிரீக்வென்சி. குறைஞ்ச ஃபிரீக்வென்சிக்கு கனமான வெள்ளிக் காசு நல்லா தெரியும், கூடுன ஃபிரீக்வென்சிக்கு மெல்லிசான, குட்டியான பொருள். பழைய மெஷின்ல பெரும்பாலும் ஒண்ணுதான், தாது நிறைஞ்ச மண்ணுல ஆழமா கிடக்கிற காசை அது இரும்புன்னே சொல்லிடும். ஒரே நேரத்துல பல ஃபிரீக்வென்சி அனுப்பி ஒப்பிட்டுப் பாத்தா மண்ணோட பங்கு எவ்ளோன்னு கழிச்சுடலாம். மைன்லேப் 1991லயே சாவரின் மெஷின்ல இதைக் கொண்டு வந்துட்டாங்க, ஆனா மெதுவா வீசணும். 2018ல எக்வினாக்ஸ் வந்தப்போதான் பல ஃபிரீக்வென்சியும் வேகமும் சேர்ந்து, 900 டாலருக்குள்ள கிடைச்சது.

புது மெஷினாலயும் முடியாத ஒண்ணு இருக்கு. அமெரிக்க அஞ்சு சென்ட் காசு, நிக்கல்னு சொல்றது, முக்கால்வாசி செம்புதான், ஆனா மீதி 25 சதவீதம் நிக்கல் கலந்ததும் கடத்துற திறன் பயங்கரமா விழுந்துடுது. பழைய சோடா கேன் மூடில இருந்து பிய்ச்சுப் போட்ட அலுமினிய வளையம் நல்லா கடத்தும், ஆனா மெல்லிசு, சின்னது. ரெண்டும் வேற வேற வழில வந்து ஒரே நம்பர்ல நிக்குது. என் மெஷின்ல நிக்கல் 12, 13. வளையத்துல பாதியும் அங்கதான். வளையத்தை ஒதுக்குனா நிக்கலும் போயிடும், அதனால 12, 13 வந்தா நான் தோண்டிடுவேன். போன அக்டோபர்ல ஒரு காலைல ஏழு தடவை தோண்டினேன், ஆறு வளையம், ஏழாவது எருமைப் படம் போட்ட நிக்கல், 1938 வரைக்கும் அடிச்ச வகை, வருஷம் இருக்கிற இடம் மட்டும் வழவழன்னு தேஞ்சு போயிருந்துச்சு.